சட்ட உதவி அலுவலகத்தில் எதிரித் தரப்பு வக்கீலாகச் சேரலாமா? செஷன்ஸ் டிரையல் நடத்தியவருக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர் 12 வருடமாக கிரிமினல் சைடில் தனியாக பிராக்டிஸ் செய்பவர். அவர் மாவட்டத்தில் எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, இலவசமாக வாதாடும் சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். செஷன்ஸ் டிரையல், அதாவது கொலை போன்ற பெரிய வழக்குகளின் விசாரணை, நடத்திப் பழகிய ஒருவருக்கு அங்கே என்ன வேலை, வருமானத்தை விட்டுவிட்டுப் போவது சரியா, அரசுச் செலவில் குற்றவாளிக்காக வாதாடுவது உறுத்தாதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். நானும் தனியாக நடத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேரலாம். ஆனால் குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரர் என்ற பெயரை மட்டும் நம்பிச் சேராதீர்கள். இங்கே கட்சிக்காரர் உங்களைத் துரத்த மாட்டார். இந்த வேலையில் உள்ள பெரிய சிக்கலே அதுதான்.

தனி பிராக்டிஸில் நம் நேரத்தை யார் பங்கு போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஃபீஸ் கட்டியவர், நாளுக்கு நாலு தடவை போன் செய்பவர், விடியற்காலையிலேயே ஆபீஸ் திண்ணையில் வந்து உட்காரும் எதிரியின் மாமனார். இன்று ராத்திரி எந்தக் கேஸ் கட்டைப் பிரிப்பது என்பதை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். சட்ட உதவிக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பவர்கள். கையில் போன் இல்லை, வெளியே அலைய ஆள் இல்லை, கேட்டால் வக்கீல் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. அலமாரியில் மூன்று மாதமாகத் தூசி படிந்து கிடக்கும் கட்டு உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காது. வாய்தா வாங்கினால் ‘ஏன் சார்’ என்று கேட்கவும் நாதி இல்லை. எந்தக் கட்டுக்கு இன்று இரண்டு மணி நேரம், எதற்குப் பத்து நிமிடம் என்பதை முழுக்க முழுக்க நீங்களே தீர்மானிக்க வேண்டும். அனுபவசாலி இங்கே தேவைப்படுவது முதலில் இதற்காகத்தான். புதிதாக வந்த ஜூனியருக்கு எல்லாக் கட்டும் ஒரே மாதிரி தெரியும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 இல் 42 ஆவது திருத்தம் மூலம் அரசியல் சாசனத்தில் இலவச சட்ட உதவி பற்றிய 39-ஏ சேர்ந்தது. 1987 இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12 ஆவது பிரிவின்படி காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. ரொம்ப காலம் இது பேனல் வக்கீல்களை வைத்து நடந்தது. ஒரு கேஸ் ஒதுக்குவார்கள், கொஞ்சம் ஃபீஸ் வரும், தன் சொந்தக் கேஸ்களுக்கு இடையில் அதையும் பார்த்துக்கொள்வார்கள். 2022 இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தில்தான் முழுநேர அலுவலகம் வந்தது. தலைமை வழக்கறிஞருக்கு கிரிமினல் சைடில் 10 வருடமும் குறைந்தது 30 செஷன்ஸ் விசாரணைகளும் வேண்டும். துணைத் தலைமைக்கு 7 வருடம், 20 விசாரணைகள். உதவி வழக்கறிஞர்கள் 3 வருடத்துக்குள் அனுபவம் உள்ளவர்கள். ஒப்பந்தம் முதலில் 2 வருடம், அப்புறம் வேலையைப் பார்த்து நீட்டிப்பு. வெளிக் கேஸ் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்காக ஆஜராவது இந்த அலுவலகத்தின் வேலை இல்லை, அது பேனலில் இருப்பவர்களுக்குப் போகும். ஒரே கேஸில் முதல் எதிரி (ஏ1) இரண்டாம் எதிரி (ஏ2) மேல் பழி போட்டால், ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரைப் பேனலுக்கு அனுப்பிவிடுங்கள். ‘ஒரே ஆபீஸ்தானே, ஆளுக்கொருவராகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சிறையில் மனு போட்டு முதல் தடவை பார்க்கும்போது எல்லோர் மனதிலும் ஒரே சந்தேகம்தான் இருக்கும். ‘நீங்களும் கவர்மென்ட் வக்கீல்தானே சார், காசு வாங்காம எனக்காக என்ன பேசிடப் போறீங்க?’ சிலர் வாய்விட்டே கேட்பார்கள், பலர் முகத்தில் எழுதியிருக்கும். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் பி.பி.க்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கலாம், தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். சொன்ன தேதியில் இரண்டாவது தடவை போய் நில்லுங்கள். உண்மைக் கதை அன்றைக்குத்தான் வெளியே வரும்.

முதல் நாளே ‘செஞ்சியா, செய்யலையா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பதில்லை. வேறு விஷயங்கள் அவசரம். காகிதத்தில் கைது தேதி என்ன போட்டிருந்தாலும் சரி, வீட்டில் இருந்து கூட்டிப்போனது எந்தக் கிழமை, அப்போது யார் பார்த்தார்கள், போனை யார் வாங்கி வைத்தது, உடம்பில் காயம் இருக்கிறதா, ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடம் அதைச் சொன்னாரா, வெளியே வேறு எத்தனை கேஸ் இருக்கிறது, அதில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு கேஸுக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவு) போட்டு ஃபார்மல் அரெஸ்ட் காட்டிவிட்டார்களா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு ஒரு கேஸில் மட்டும் ஜாமீன் வாங்கினால், ஆள் சிறை வாசல்கூடத் தாண்ட மாட்டார். குடும்பத்தில் ஒருவருடைய போன் நம்பரும் வேண்டும். பலருக்கு அது மனப்பாடமாக இருக்காது, போனிலேயே போயிருக்கும்.

அதோடு பிறந்த வருடம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் ‘வயது 19’ என்று ஒரு குத்துமதிப்பு நிற்கும், ரிமாண்ட் ரிப்போர்ட்டிலும் அதுவே ஏறும், சிறைப் பதிவேட்டிலும் அதுவே. ஒன்பதாம் வகுப்பு எந்த வருடம் படித்தாய் தம்பி என்று கேட்டுக் கணக்குப் போட்டால் சம்பவத்தன்று 17 ஆக இருக்கும். சிறார் நீதிச் சட்டம் 2015 இன் 9 ஆவது பிரிவுப்படி இந்த வாதத்தை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்த பிறகும்கூட. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி பிறந்த தேதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். தனி பிராக்டிஸில் அந்த அலைச்சல் அப்பாவுடையது. இங்கே ஜூனியரை பஸ் ஏற்றிவிட வேண்டியது நீங்கள்.

அடுத்து தேதிக் கணக்கு. என்னைக் கேட்டால், சட்ட உதவி அலுவலகத்தில் நடக்கும் மிக உருப்படியான வேலை ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் நடக்கிறது. பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை, ஆயுள், மரண தண்டனை ஆகியவற்றுக்கு உரிய குற்றம் என்றால் 90 நாள், மற்றதற்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167(2), இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 187(3). ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2020 ஊரடங்கில் எல்லாக் கெடுவும் நீண்டபோதுகூட இந்தக் கெடு நீளாது என்று தீர்ப்பு வந்ததே, எஸ். காசி வழக்கு, அது நம் தமிழ்நாட்டில் இருந்து போனதுதான். ஆனால் மனுப் போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. காசு கொடுக்கும் கட்சிக்காரர் இருந்தால் 61 ஆம் நாள் காலையில் அவரே வந்து நிற்பார். இங்கே அந்த நாளை நோட்டில் எழுதி வைத்திருப்பவர் தவிர வேறு யாருக்கும் அது நினைவிருக்காது. ரிமாண்ட் கோர்ட்டுக்குத் தினம் போகும் உதவி வழக்கறிஞர் அன்றன்றைக்கே 60, 90 எந்தத் தேதியில் விழுகிறது என்று எழுத வேண்டும், சாயங்காலம் நீங்கள் அதைப் பார்க்க வேண்டும். வாதத் திறமைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் ரத்த சொந்தம் என்று உத்தரவு இருக்கும். வெளி மாநிலத்தில் இருந்து கட்டட வேலைக்கு வந்தவர் ரத்த சொந்தத்துக்கு எங்கே போவார்? 1978 இல் மோதிராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்திருக்கிறது. 2023 ஜனவரியில் வந்த உத்தரவு இன்னும் உபயோகமானது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் உங்கள் மேஜைக்குத்தான் வரும். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி ஒரு பக்க மனு போதும். பெரும்பாலும் கிடைத்துவிடும். பி.என்.எஸ்.எஸ். 479 படி, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவர்களுக்கும், முதல் முறைக் குற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கு இருந்தவர்களுக்கும் ஜாமீனிலோ சொந்தப் பிணையிலோ விடுதலை உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் கேஸ் நிலுவையில் இருந்தால் கிடையாது என்ற உட்பிரிவு வேறு இருக்கிறது. நம் திருட்டுக் கேஸ் ஆட்களில் நிறையப் பேர் அந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். 2022 இன் தேசிய சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நூற்றுக்கு சுமார் 76 பேர் விசாரணைக் கைதிகள். உங்கள் வேலையின் அளவு அதில் தெரியும்.

சரி, டிரையலுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் மையம் அது.

சட்ட உதவிக் கொலைக் கேஸ்களில் பணம் செலவழித்துத் தனியார் நிபுணரைக் கூட்டிவர முடியாது. ஆகவே உங்கள் எதிர்வாதம் முழுக்க அரசுத் தரப்புக் காகிதங்களுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பெரும்பாலும் இருக்கிறது. கட்டைப் பிரித்ததும் நான் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் படிப்பதில்லை. அது ஒரே கையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டது மாதிரிதான் இருக்கும். முதலில் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. ராத்திரி 9.40 க்குக் காயத்தோடு கொண்டுவந்தபோது, யார் அடித்தது என்று டூட்டி டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டது. அதில் ‘தெரிந்த இரண்டு நபர்கள், கட்டையால்’ என்று இருக்கும். நள்ளிரவு தாண்டிப் பதிவான எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், பெயரோடு, அரிவாளோடு இருப்பார்கள். இடையில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் உங்கள் நாலாவது, ஐந்தாவது எதிரி பிறக்கிறார்கள். அப்புறம் எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம், அதில் அவர் போட்ட சுருக்கொப்பம், பிரேத விசாரணை அறிக்கையில் எதிரிகள் பெயர் இருக்கிறதா, பறிமுதல் பொருள்கள் படிவம் 95 இல் கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் வந்தன. ஒரு தாளில் நேர வரிசையாக இவற்றை எழுதிவிட்டு அதற்குப் பிறகு சாட்சி வாக்குமூலத்தைப் படித்துப் பாருங்கள். வேறு கதை தெரியும்.

தமிழ்நாட்டுக் கொலைக் கேஸ் என்றால் வி.ஏ.ஓ. இல்லாமல் இருக்காது. எதிரி கைதானபோது வாக்குமூலம் கொடுத்தார், கூட்டிப்போய் முள்புதரில் இருந்து அரிவாளை எடுத்துக் கொடுத்தார், நானும் என் உதவியாளரும் கையெழுத்துப் போட்டோம் என்று சொல்வார். ஜூனியர் எழுந்தால் நேராக, ‘ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டீர்கள், பொய் சாட்சி சொல்கிறீர்கள்’ என்பார். ‘சரியல்ல’ என்று பதில் பதிவாகும், உட்கார்ந்துவிடுவார். அனுபவமுள்ளவர் கேட்கும் வரிசை வேறு:

‘உங்களை எழுத்து மூலமாகக் கூப்பிட்டார்களா?’
‘இல்லை, போனில்.’
‘கைது நடந்த இடம் உங்கள் கிராமத்தில் வருகிறதா?’
‘பக்கத்துக் கிராமம்.’
‘அதற்குத் தனியாக வி.ஏ.ஓ. இருக்கிறார்?’
‘இருக்கிறார்.’
‘முள்புதர் ரோட்டை ஒட்டி?’
‘ஆமாம்.’
‘ஜனங்கள் போகிற வருகிற ரோடு?’
‘ஆமாம்.’
‘அரிவாளைத் துணியில் சுற்றி சீல் வைத்தார்களா?’
‘ஞாபகம் இல்லை.’

இங்கே நிறுத்திவிட வேண்டும். ‘பிறகு ஏன் உங்களை மட்டும் கூப்பிட்டார்கள்’ என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்லிவிடுவார். மீதியை வாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கவனியுங்கள். வாக்குமூலத்தில் பொருள் கிடைக்கக் காரணமாக இருந்த பகுதி மட்டும்தான் சாட்சியமாக ஏற்கத்தக்கது. பழைய சாட்சியச் சட்டத்தின் 27 ஆவது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பி.எஸ்.ஏ. 23 இன் வரம்புரை, 1947 புலுக்குரி கொட்டையா வழக்கில் இருந்து மாறாத சட்டம். முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியிட முயற்சி நடக்கும். அந்த நொடியே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். 2024 ஜூலை 1 க்குப் பிறகு நடந்த பறிமுதல் என்றால், பி.என்.எஸ்.எஸ். 105 படி வீடியோ எங்கே என்று கேட்டு மனுப் போடுங்கள்.

சாட்சி கோர்ட்டில் புதிதாகச் சொன்னதை ‘போலீஸ் விசாரணையில் இப்படிச் சொல்லவில்லை’ என்று அவரிடம் கேட்டால் மட்டும் போதாது. புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும் நாளில் அவர் வாயாலும் வர வேண்டும். நடுவே ஒரு வருடம்கூட ஓடிவிடும், அதற்குள் கட்டு வேறு ஒருவரிடம் கைமாறியிருக்கும். ஒவ்வொரு சாட்சி முடிந்த ராத்திரியும் ஐ.ஓ.விடம் கேட்க வேண்டியது என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்து நீங்களே போய்விட்டாலும் அந்தத் தாள் இருக்கும்.

போக்சோ கேஸ்கள் நிறைய வரும். அதில் ஒரு பகுதி பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் ஓடிப்போனது. சட்டத்தில் சம்மதத்துக்கு இடம் இல்லை, குற்றம் செய்தார் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும் 29 ஆவது பிரிவு அனுமானம் வேறு. அங்கே வயதுச் சான்றுதான் முதல் களம். 2023 இல் யுவபிரகாஷ் வழக்கில், அதுவும் நம் மாநில வழக்குதான், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கஞ்சா கேஸ் என்றால் போதைப்பொருள் சட்டம் 52-ஏ படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்தார்களா என்பதில் தொடங்குங்கள். இரண்டையும் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிகக் கஷ்டமான இடம். அது கொலைக் கேஸ் அல்ல, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சின்னத் திருட்டு. செல்போன் திருட்டில் ரிமாண்ட் ஆகி ஐந்து மாதமாக உள்ளே இருக்கும் ஒருவர். ஜாமீன்தாரர் கிடையாது. ‘ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுருவாங்களாமே சார்’ என்று கேட்கிறார். உண்மைதான். ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களையே தண்டனையாக விதித்து, உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழிக்கும் பி.என்.எஸ்.எஸ். 468 படி கழித்து, சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். கேஸை நடத்தினால் இன்னும் பல மாதம். கட்டைப் பார்த்தால் கேஸ் நிற்காது என்று உங்களுக்குத் தெரிகிறது. பறிமுதல் சாட்சி இரண்டு பேரும் அதே ஸ்டேஷனுக்கு வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஆனால் அவருக்கு வீட்டில் அம்மா படுத்த படுக்கை. கோர்ட்டுக்கோ ஒரு கேஸ் முடிந்த கணக்கு. பி.பி.க்கும் சந்தோஷம். உங்கள் அலுவலக அறிக்கையிலும் அது ‘முடிக்கப்பட்ட வழக்கு’. எல்லோருக்கும் சௌகரியம் என்கிறபோதுதான் நான் நின்று யோசிக்கிறேன். ஒரு தண்டனை பதிவானால் அடுத்த தடவை அந்தப் பகுதியில் எது திருடு போனாலும் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. அடுத்த கேஸில் முதல் முறைக் குற்றவாளி என்ற சலுகையும் போய்விடும். இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி, ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த இன்றே மனுப் போடுகிறேன், நாலு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பேன். சிலர் பொறுப்பார்கள். சிலர், ‘வேணாம் சார், எனக்கு வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள். முடிவு அவருடையது. உள்ளே இருக்கப்போவது அவர்தான், நாம் இல்லை. அப்படி ஒப்புக்கொண்டால் வெறும் கையோடு விடாதீர்கள். சிறைக்குப் பதில் நன்னடத்தை உறுதியில் விட வழி செய்யும் 1958 நன்னடத்தைச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். முதல் முறை, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், திரும்பக் கொடுத்தாயிற்று என்றால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 303(2) இல் சமூக சேவை மட்டும்தான். பல நீதிமன்றங்களில் யாராவது ஞாபகப்படுத்தினால்தான் அது நடக்கிறது.

உறுத்தாதா என்று கேட்டீர்கள். இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. எதிரி குற்றம் செய்தாரா என்பதில் தன் சொந்த அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் வக்கீல் அவருக்காக வாதாட வேண்டும், போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்கே அவர் விசுவாசம் என்று. கோயம்புத்தூர் வக்கீல்கள் சங்கம் சில போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது தொடர்பான முகமது ரஃபி வழக்கில், 2010 இல், அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரே கொதித்துப்போயிருக்கும் கேஸில் எந்த வக்கீலும் வக்காலத்துப் போடாதபோது அந்தக் கட்டு நேராக உங்களிடம்தான் வரும், மறுக்க முடியாது. உறவினர் வீட்டு விசேஷத்தில் ‘அவனுக்கா ஆஜராகுற?’ என்று கேட்பார்கள். நான் விளக்கம் சொல்லி ஓய்ந்துவிட்டேன், இப்போது சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன். நிஜமாக உறுத்துவது வேறு. கட்டைச் சரியாகப் படிக்காமல் ஒருவருக்கு ஆஜராவது.

அதற்கான வாய்ப்பு இங்கே அதிகம். காலையில் நியமன உத்தரவு கொடுத்து, மத்தியானம் சாட்சியை விசாரிக்கச் சொல்லும் நிலை வரும். நீங்கள் தினமும் அதே கோர்ட்டில் நிற்பவர் என்பதால் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள். ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்கில் சட்ட உதவியாக நியமிக்கப்படுபவருக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும், தயாராக இயல்பாக 7 நாளாவது தர வேண்டும் என்று 2019 இல் அனோகிலால் வழக்கில் வந்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, எழுத்து மூலம் நேரம் கேளுங்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அவர்களே ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள். அதே சமயம் சாட்சியை அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை முடிந்ததும் குறுக்கு விசாரணைக்கு நாள் கேட்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். வினோத் குமார் வழக்கு 2015 க்குப் பிறகு அது நல்ல பெயரும் வாங்கித் தராது, சாட்சி வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டும் வருவார்.

தண்டனை விசாரணை பற்றி ஒரு வார்த்தை. ‘வயதான தாய் தந்தை இருக்கிறார்கள், கருணை காட்ட வேண்டுகிறேன்’ என்ற ஒரே வரியில் அதை முடிப்பது நம் கோர்ட்டுகளில் ஊறிப்போன பழக்கம். மரண தண்டனை வரக்கூடிய வழக்கில், எதிரியின் பின்னணி, மனநலம், சிறை நடத்தை எல்லாவற்றுக்கும் அறிக்கை பெற வேண்டும் என்று 2022 இல் மனோஜ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்த விவரங்களை டிரையல் தொடங்கும்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். தீர்ப்பு சொன்ன மத்தியானம் அவருடைய பள்ளி ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வருமானம். மாதாமாதம் நிலையான தொகை, மாவட்டத்துக்கு மாவட்டம் வித்தியாசப்படும், ஆகவே உங்கள் அறிவிப்பில் உள்ளதைப் பாருங்கள். பிராக்டிஸ் நன்றாக ஓடும் ஒருவருக்கு அது குறைவுதான். அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு வருடம் வெளிக் கேஸ் எடுக்காமல் இருந்தால் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலைப் பழகிக்கொள்வார்கள், திரும்பி வந்தால் ஏறக்குறைய முதலில் இருந்து தொடங்க வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளைகள் காலேஜ் என்று இருப்பவர் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். எனக்குக் கிடைத்த லாபம் வேறு கணக்கு. ஃபீஸ் பேசுவது, பாக்கி கேட்பது, போன் எடுக்காத கட்சிக்காரருக்காக கோர்ட்டில் மழுப்புவது எல்லாம் நின்றுவிட்டது. தனியாக இருந்தபோது ஒரு வருடத்தில் கிடைக்காத டிரையல் இங்கே மூன்று மாதத்தில் கிடைக்கிறது. இரண்டு நல்ல ஜூனியர் அமைந்துவிட்டால் அவர்களை உருவாக்குவதில் ஒரு சுகமும் இருக்கிறது.

விண்ணப்பிப்பதாக இருந்தால், நீங்கள் நடத்திய செஷன்ஸ் வழக்குகளின் எண்களை வருடவாரியாக இப்போதே எழுதி, தீர்ப்பு நகல்களை எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் காப்பி செக்ஷனில் நிற்க நேரம் இருக்காது. நடப்பில் உள்ள கேஸ்களில் பாதி விசாரணையில் இருப்பவை எவை என்று பாருங்கள். அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று கட்சிக்காரரிடமே கேட்டு, பாக்கி ஃபீஸைக் காரணம் காட்டாமல் கட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.